போதிய சான்றுகள் இல்லை

கிருஷ்ணகிரி சார்பதிவாளர் அலுவலகத்தில்
எங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள்
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரும்
டீ குடிக்க நின்ற ஓர் ஆட்டோக்காரரும்.
மாலைக்கு முந்நூறு ரூபாய்.
அதையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

ஐந்து லட்சம் அவர் பங்கு.
டப்ளின் மருத்துவமனையின் வேலை உத்தரவு என் பங்கு.
போய்ச் சேர்ந்த இரண்டாம் வருடம் பிரிந்துவிட வேண்டும்,
விசா மறுத்தால் தொண்ணூறு நாளில் பணம் திரும்ப வேண்டும்
என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அடித்து வைத்திருந்தார்
ஓசூர் ஏஜென்ட்.
மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார் முனிரத்தினம்.
கையெழுத்துப் போடும் கையில்
ஓர் ஈ விரட்ட விரட்ட உட்கார்ந்தது.
"பேனா இந்தாங்க சிஸ்டர்" என்றார் என்னிடம்.
ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

ரொம்ப நாள் பழகின மாதிரி போட்டோ வேண்டுமாம்.
பையில் நாலு புடவை, நாலு சட்டையோடு
ஒரே பகலில் கே.ஆர்.பி. டேம்.
கட்டணக் கழிப்பறைக்குள் போய்ப் போய்
பொங்கலாகவும் ஆடிப்பெருக்காகவும்
என் பிறந்தநாளாகவும் வெளியே வந்தேன்.
நாலாவது முறை காசு வாங்குகிற அம்மாள்
"வயித்துக்குச் சரியில்லையா கண்ணு?" என்றாள்.
பொரித்த கெண்டையில் முள்ளெடுத்து
அவர் என் தட்டுப் பக்கம் தள்ளியபோது
போட்டோ பையன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பேசிக்கொண்டதற்கும் அச்சுப்பிரதி கேட்பார்கள்.
ஏஜென்ட் கொடுத்த பட்டியல்படி
காலையில் 'எழுந்தாச்சா', மதியம் 'சாப்டியா'.
தவறாமல் அனுப்பினார், சம்பளத்துக்குக் கார்டு அடிப்பதுபோல.
ஓர் இரவு ட்யூட்டியில் மணி இரண்டு நாற்பதுக்கு
'ஏழாம் பெட் பையன் போயிட்டான்' என்று
யாருக்கோ அனுப்பப்போய் அவருக்கு அனுப்பிவிட்டேன்.
யாருக்கோ என்பது பொய்.
பட்டியலில் அதற்குப் பதில் இல்லை.
முக்கால் மணியில் காவேரிப்பட்டணத்திலிருந்து
பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.
பிளாஸ்க் டீ. சர்க்கரை கண்டபடி.
ஒன்றும் கேட்காமல் மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

நேர்காணலுக்குக் கேள்விகளை மனப்பாடம் செய்தோம்.
கட்டிலில் கணவர் படுப்பது எந்தப் பக்கம்?
சுவர்ப் பக்கம் என்று முடிவு செய்தோம், கட்டிலே இல்லாமல்.
உடம்பில் தழும்பு?
இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.
ஆலையின் நீராவிக் குழாய்.
எவனோ கட்டை இறுக்கிப் போட்டுத் தோல் சுருங்கியிருந்தது.
நர்ஸ் புத்தியில் அழுத்தி "வலிக்குதா?" என்றேன்.
பதில் வர நேரமானது.
நான் விரலை எடுக்கவில்லை.

ஆனியில் கடிதங்கள் வந்தன.
எனக்கு அனுமதி. அவருக்கு இல்லை.
உறவு உண்மையானது என்பதில்
அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை.
சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தவருக்கு
அதை இரண்டு முறை தமிழில் சொன்னேன்.
சிரித்தார்.
எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.
டேமில் புடவை மாற்றிய அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால்
வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

பத்திரத்தை எடுத்துத் தொண்ணூறு நாளை எண்ண ஆரம்பித்தேன்.
"மாங்கா சீசன் முடியட்டும் வேணி" என்றார்.
பணத்துக்கும் மாங்காய்க்கும் என்ன சம்பந்தமோ.

மேல்முறையீட்டுக்கு எட்டு வாரம்.
கூடுதல் சான்றுகள் இருந்தால் இணைக்கவும்.
அந்த டீக்கு ரசீது கிடையாது.
போன் முழுக்கத் தேடி
இரண்டு நாற்பது மணிச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு
அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனோம்.
அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.
"கலர்னா பத்து ரூபா. பிளாக் அண்ட் ஒயிட் போதுமா?"
போதும் என்றார் இவர்.
கலரே போடுங்க என்றேன் நான்.
காகிதம் பாதி வெளியே வந்ததும் கரண்ட் போனது.

படியில் உட்கார்ந்தோம்.
"சாப்டியா?" என்றார்.